தாரா, சிமென்டா, பேவர் பிளாக்கா? சென்னையின் உள்தெருக்களுக்கு எது பொருந்தும்

சென்னை மாநகராட்சியின் பராமரிப்பில் பேருந்து ஓடும் சாலைகள் சுமார் 387 கி.மீ. உட்புறச் சாலைகள் 5,000 கி.மீ.க்கும் மேல். செய்தியில் அடிபடுவது முதல் வகை. மக்கள் வாசலிலிருந்து இறங்கிக் கால் வைப்பது இரண்டாம் வகையில். 2011-ல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கி.மீ.யிலிருந்து 426 சதுர கி.மீ.யாக விரிந்தபோது, வடிகாலே இல்லாத ஆயிரக்கணக்கான தெருக்களும் சேர்ந்தே வந்தன. அப்படி ஒரு தெருவுக்கு நிதி ஒதுக்கப்படும்போது, வார்டுக்குள் குடியிருப்போர் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் வரும் கேள்வி இது: தார் போடலாமா, சிமென்ட் போடலாமா, பேவர் பிளாக் பதிக்கலாமா?

பெரும்பாலும் பக்கத்துத் தெருவில் எது பளிச்சென்று இருக்கிறதோ அதையே கேட்டு வாங்குகிறார்கள். புதிதாக இருக்கும்போது மூன்றுமே நன்றாகத்தான் இருக்கும். இரண்டு மழைக்காலம் கழித்து எது நிற்கும் என்பதைத் தீர்மானிப்பவை வேறு: தெருவின் மட்டம், அடியில் ஓடும் குழாய்களின் வயது, தெருவின் அகலம். இவற்றைப் பார்க்காமல் மேற்பரப்பைத் தேர்ந்தெடுத்தால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பணம் வீண்.

கணக்குக்கு வசதியாக 150 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். பரப்பு 750 சதுர மீட்டர். சென்னையில் இந்த அளவுத் தெருக்கள் ஏராளம்.

மட்டம்தான் முதல் கேள்வி

பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே 40 மி.மீ. தார் போட்டால், நான்கு முறை போட்டதும் தெரு 160 மி.மீ. உயர்ந்துவிடும். வீட்டு நிலைப்படி இருந்த இடத்திலேயே இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தெருவைவிடத் தாழ்ந்துபோன வீடுகளுக்குள்தான் தண்ணீர் முதலில் புகுந்தது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலரே அறிவுறுத்தினார். உத்தரவு இருந்தும், எவ்வளவு ஆழம் சுரண்டினார்கள் என்பதை அளந்து பார்க்கத் தெருவில் ஆள் இருந்தால்தான் அது நடக்கிறது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். மட்டம் உயர்வது தார் ரோட்டில் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய தார் மேலேயே மணல் பரப்பி பேவர் பிளாக் பதித்தால் 80 மி.மீ. பிளாக்கும் 30 மி.மீ. மணலும் சேர்ந்து ஒரே நாளில் 110 மி.மீ. ஏறிவிடும். பழைய தார் மேலேயே சிமென்ட் போட்டால் 150 மி.மீ.க்குக் குறையாது. தோண்டி எடுக்காமல் செய்தால் இந்த இரண்டும் தாரைவிட மோசம்.

வேலை தொடங்கும் முன் மேஸ்திரிகள் வைத்திருக்கும் ட்யூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) ஒன்று போதும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் காம்பவுண்டுச் சுவரில் ஒரே மட்டத்தில் பெயின்ட் கோடு போட்டு, அதிலிருந்து தெருவின் நடுப்பகுதி, இரண்டு ஓரங்கள், நிலைப்படி ஆகியவை எவ்வளவு கீழே இருக்கின்றன என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 150 மீட்டருக்கு 16 இடங்கள். இரண்டு பேர் ஒரு காலைப் பொழுதில் முடித்துவிடலாம். வேலை முடிந்த பிறகு அதே கோட்டிலிருந்து அளந்தால் வாக்குவாதமே வராது.

குறுக்குச் சரிவு 2 முதல் 2.5 சதவீதம் இருக்க வேண்டும். 5 மீட்டர் தெருவில் நடுப்பகுதி ஓரத்தைவிட 50 முதல் 60 மி.மீ. உயர்ந்திருந்தால் சரி. நீளவாட்டில் 0.3 சதவீதச் சரிவு வேண்டும் என்றால் 150 மீட்டருக்கு 450 மி.மீ. இறக்கம் தேவை. சென்னையின் சமதளத்தில் அது பல தெருக்களில் கிடைக்காது. அதனால் தண்ணீரைத் தெருமுனை வரை ஓடவிட நினைக்காமல், நெருக்கமாக வாய் வைத்து மழைநீர் வடிகாலுக்குள் இறக்கிவிட வேண்டும். ஒவ்வொரு வாயிலும் வண்டல் தொட்டி இருக்க வேண்டும். வாயின் மட்டம் சாலை ஓரத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். புதுச் சாலை போட்டதும் வாய் மேடாகிப்போய்த் தண்ணீர் அதைத் தாண்டி நிற்பது தினம் பார்க்கும் கோளாறு.

தார்: சீக்கிரம் முடியும், தண்ணீருக்கு ஆகாது

நம் 750 சதுர மீட்டருக்கு 40 மி.மீ. தார்க்கலவை என்றால் 30 கன மீட்டர். எடையில் சுமார் 70 டன். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 50 டன்னோடு வேலை முடிந்துவிட்டது என்றால் 40 மி.மீ. போடவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு லாரிக்கும் எடைச்சீட்டு உண்டு. அதைக் கேட்டுப் பார்ப்பது குடியிருப்போர் உரிமை.

தாரின் பெரிய பலம் வேகம். ஒரு இரவில் சுரண்டி, அடுத்த இரவில் போட்டு, காலையில் பள்ளி வேனை விடலாம். முதல் செலவும் மூன்றில் இதற்குத்தான் குறைவு. பலவீனம் தேங்கும் தண்ணீர். ஜல்லியின் மேல் ஒட்டியிருக்கும் தாரைத் தண்ணீர் மெல்லப் பிரித்துவிடும். அதன் மேல் வண்டி ஓடினால் ஜல்லி பெயரும். சிறு குழி ஒரு வாரத்தில் பெரும் பள்ளமாகும். தண்ணீர் தேங்கும் இடத்தில் எவ்வளவு நல்ல தார் போட்டாலும் வடகிழக்குப் பருவமழையைத் தாண்டாது.

வேலையில் கெடுவது எங்கே? முதலாவது, சுரண்டும் எந்திரம் சுவரோரம் வரை போகாது. இரண்டு பக்கமும் ஒரு அடி, ஒன்றரை அடி பழைய தார் அப்படியே நிற்கும். அதைக் கடப்பாரையாலோ பிரேக்கராலோ உடைத்து எடுக்காவிட்டால் புதுத் தார் ஓரத்தில் மேடாகி, தண்ணீரை வடிகாலுக்குப் போகவிடாது. இரண்டாவது, சுரண்டிய தூசியை கம்ப்ரசர் வைத்து ஊதி எடுக்காமல் அதன் மேலேயே டேக் கோட் (அடுக்குகளை ஒட்டவைக்கும் தார்க் குழம்பு) தெளிப்பது. டேக் கோட் சதுர மீட்டருக்கு 0.2 முதல் 0.3 கிலோ; நம் தெருவுக்கு 150 முதல் 225 கிலோ. வாளியில் கொண்டுவந்து துடைப்பத்தால் அங்கங்கே உதறினால் மேல் அடுக்கு ஒட்டாமல் தோல் உரிவதுபோல் வரும். மூன்றாவது, சூடு. வி.ஜி.30 வகைத் தாரில் செய்த கலவை தெருவில் இறங்கும்போது 140 டிகிரிக்குக் குறையக் கூடாது. 90 டிகிரிக்கு இறங்கும் முன் ரோலர் ஓட்டி முடிக்க வேண்டும். குறுகிய தெருவில் லாரி உள்ளே வர முடியாமல் முனையிலேயே கொட்டி, தள்ளுவண்டியில் கொண்டுவந்து பரப்பினால் அதற்குள் ஆறிவிடும். ஆறிய கலவை எவ்வளவு ரோலர் ஓட்டினாலும் இறுகாது.

இந்த மூன்றாவது காரணத்தாலேயே, தார் பரப்பும் பேவர் எந்திரமும் லாரியும் நுழைய முடியாத சந்துகளுக்குத் தாரைத் தேர்ந்தெடுக்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. 3 மீட்டருக்குக் குறைந்த சந்தில் கையால் போட்ட தார் முதல் மழையிலேயே பெயர்வதற்குத் தரம் குறைந்த பொருள்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அந்த இடத்துக்கு அந்த முறையே பொருந்தாது.

சிமென்ட்: 20 ஆண்டு நிற்கும், வெட்டாமல் விட்டால்

சிமென்ட் கான்கிரீட் சாலையைப் பொதுவாக 20 ஆண்டுக்கென்று வடிவமைக்கிறார்கள். தேங்கும் தண்ணீர் அதைத் தாரைப்போல் அரிப்பதில்லை. கோடைச் சூட்டில் இளகாது. இவ்வளவு நல்ல குணம் இருந்தும் சென்னையின் உள்தெருக்களில் அது அடிக்கடி தோற்கக் காரணம் ரோடு கட், அதாவது குழாய்க்கும் கேபிளுக்கும் சாலையை வெட்டுவது.

குடிநீர் வாரியமான மெட்ரோவாட்டரின் கழிவுநீர்க் குழாய், குடிநீர்க் குழாய், மின்வாரியக் கேபிள், இணையக் கேபிள் எல்லாம் அதே 5 மீட்டருக்கு அடியில்தான் ஓடுகின்றன. பழைய குழாய் ஒன்று உடைந்தால் கான்கிரீட்டை உடைத்துத்தான் ஆக வேண்டும். உடைத்த பள்ளத்தை முதலில் மண் போட்டு மூடுவார்கள், அது இறங்கும், பிறகு மேலே ஒரு கலவையை ஊற்றிச் சமன் செய்வார்கள். ஒட்டுப்போட்ட பகுதிக்கும் பழைய பலகைக்கும் இடையே விரிசல் வந்து, அதன் வழியாகத் தண்ணீர் இறங்கி அடிமண்ணைக் கரைக்கும். அதன்பின் நல்ல பலகையும் உடையும். 20 ஆண்டு என்ற கணக்கு நான்கே ஆண்டில் முடிந்துபோகும்.

ஆகவே சிமென்ட் வேண்டும் என்று கேட்கும் தெரு, அதற்கு முன் மெட்ரோவாட்டரிடம் இரண்டு விஷயம் கேட்க வேண்டும்: இந்தத் தெருவின் கழிவுநீர்க் குழாய் எந்த ஆண்டு போட்டது, மாற்றும் திட்டம் இருக்கிறதா? மாற்ற வேண்டியிருந்தால் அந்த வேலை முடிந்து, மூடிய பள்ளம் ஒரு மழைக்காலத்தைப் பார்த்த பிறகே சிமென்ட். அதுவரை காத்திருக்க முடியாது என்றால் வேறு முறையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கான்கிரீட் போடும் முன் தெருவின் குறுக்கே இரண்டு வீட்டுக்கு ஒன்றாக 110 மி.மீ. பி.வி.சி. பைப்பைப் புதைத்து, இரு முனையையும் மூடி, சுவரில் அடையாளம் இட்டு வைக்கச் சொல்லுங்கள். நாளை புதுக் குடிநீர் இணைப்போ கேபிளோ அதன் வழியாகப் போகும். செலவு மிகச் சிறியது. காப்பாற்றுவதோ முழுச் சாலையை. ஆனால் இது மதிப்பீட்டிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். வேலை நாளன்று ஒப்பந்ததாரரிடம் கேட்டால் கிடைக்காது.

கனம் குறைந்தது 150 மி.மீ.; குப்பை லாரி, தண்ணீர் லாரி தினமும் வரும் தெருவுக்கு 180 மி.மீ. கான்கிரீட்டின் வலிமை எம்30 தரம். அடியில் 100 மி.மீ.க்குக் குறையாத இறுக்கிய ஜல்லி அடுக்கு, அதன் மேல் 125 மைக்ரான் பாலித்தீன் விரிப்பு. நம் தெருவுக்கு 180 மி.மீ. என்றால் 135 கன மீட்டர். 6 கன மீட்டர் ரெடிமிக்ஸ் வண்டியில் 23 லோடு. மட்டம் உயராமல் இருக்க 280 மி.மீ. தோண்ட வேண்டும், அதாவது 210 கன மீட்டர் கழிவை வெளியே எடுக்க வேண்டும். மதிப்பீட்டில் தோண்டும் கணக்கு இல்லையென்றால் தெரு உயரப் போகிறது என்று பொருள்.

ரெடிமிக்ஸ் வண்டியிலிருந்து எளிதாக வழியட்டும் என்று தளத்தில் தண்ணீர் சேர்ப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. அப்படிச் செய்த சாலை ஓராண்டில் மேலே மாவாக உதிரும். அடுத்த தவறு, இணைப்புக் கோடு அறுக்கத் தாமதிப்பது. 2.5 முதல் 4 மீட்டருக்கு ஒரு கோடு, கனத்தில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாத ஆழத்துக்கு, வெயில் காலத்தில் போட்ட சில மணி நேரத்துக்குள்ளேயே அறுக்க வேண்டும். மறுநாள் மாலை வந்து அறுத்தால் அதற்குள் கான்கிரீட் தன் இஷ்டத்துக்கு விரிசல் விட்டிருக்கும். பிறகு மேலே சாக்கு விரித்து 14 நாள் அதை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் போடுவதானால் மாலையில் தொடங்குவது நல்லது.

28 நாள் வரை கனமான வண்டி கூடாது. ஒரே வழி உள்ள முட்டுச்சந்தில் முதியவர்களும் நோயாளிகளும் இருந்தால் இது பெரிய சுமை. பாதி அகலம் பாதி அகலமாகப் போடலாம் என்றால் 5 மீட்டரில் பாதி 2.5 மீட்டர், ஆட்டோ போகும், ஆம்புலன்ஸ் சிரமப்படும். இதைக் கூட்டத்தில் முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வேண்டும்.

பேவர் பிளாக்: பிரித்துப் பதிக்கலாம், விளிம்பு இருந்தால்

பேவர் பிளாக்கின் உண்மையான நன்மை ஒன்றே: குழாய் வேலைக்குப் பெயர்த்து எடுத்து, அதே பிளாக்கைத் திரும்பப் பதிக்கலாம். பழைய குழாய் ஓடும் குறுகிய தெருவுக்கு இதைவிடப் பெரிய நன்மை வேறில்லை. மழைநீரை உறிஞ்சி நிலத்தடிக்கு அனுப்பும் என்று சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாதாரண பிளாக்கின் இடைவெளி 2 முதல் 4 மி.மீ.; சில மாதத்தில் தூசி அடைத்துவிடும். அடியில் கான்கிரீட் போட்டிருந்தால் ஒரு சொட்டும் இறங்காது. நிலத்தடி நீருக்கு உறைகிணறும் மழைநீர் சேகரிப்புத் தொட்டியும்தான் வழி.

கனத்தில் ஏமாற வேண்டாம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி 50 மி.மீ. பிளாக் நடைபாதைக்கு, 60 மி.மீ., எம்35 இலகு வண்டிகளுக்கு, 80 மி.மீ., எம்40 ஓரளவு போக்குவரத்துக்கு. குப்பை லாரி நுழையும் எந்தத் தெருவுக்கும் 80 மி.மீ.தான். இறங்கிய குவியலில் பத்துப் பிளாக்கை எடுத்து ஸ்கேலால் அளந்தாலே தெரிந்துவிடும். 200-க்கு 100 மி.மீ. பிளாக் என்றால் சதுர மீட்டருக்கு 50, நம் தெருவுக்கு 37,500. இதற்கு மேல் 3 முதல் 5 சதவீதம் கூடுதலாக வாங்கி வார்டு அலுவலகத்திலோ தெருவிலோ பத்திரப்படுத்த வேண்டும். பெயர்க்கும்போது சில உடையும். ஐந்தாண்டு கழித்து அதே அச்சில் பிளாக் கிடைக்காது.

பிளாக் தெரு கெடுவது பிளாக்கால் அல்ல. இரண்டு காரணம்தான் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, விளிம்பு. இரு பக்கமும், தெரு பிரதான சாலையைச் சேரும் முனையிலும் 150 மி.மீ. அகலத்துக்குக் குறையாத கான்கிரீட் விளிம்பு இல்லாவிட்டால், வண்டி பிரேக் போடும் ஒவ்வொரு முறையும் பிளாக் வரிசை நகரும். ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி வந்தால் நடுவரை தளரும். இரண்டு, படுக்கை மணல். 20 முதல் 40 மி.மீ. கனத்துக்குப் பருமணல் பரப்ப வேண்டும். செலவு குறைக்க கிரஷர் பவுடரை (ஜல்லி உடைக்கும்போது வரும் கல்தூளை) பரப்புகிறார்கள். அதிலுள்ள நுண்தூள் தண்ணீரில் சேறாகி, வண்டி ஏறும்போது இடுக்கு வழியாகப் பீய்ச்சி வெளியேறும். அடியில் வெற்றிடம், மேலே பள்ளம்.

சாலையில் செங்கல் சுவர்போல் நேர்வரிசையில் அடுக்காமல், ஒன்றுக்கொன்று செங்குத்தாகக் கோர்க்கும் மீன்முள் அமைப்பில் பதிக்கச் சொல்லுங்கள். வண்டியின் தள்ளலை அதுதான் தாங்கும். அதிர்ந்து இறுக்கும் பிளேட் வைப்ரேட்டர் ஓட்டி, இடுக்கில் நுண்மணல் பெருக்கி, மறுபடி ஓட்ட வேண்டும். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை மணல் பெருக்கினால் ஆயுள் கூடும். இடுக்கில் சிமென்ட் பால் ஊற்றுவது கூடாது. பெயர்த்துப் பதிக்கும் ஒரே நன்மையும் அதோடு போய்விடும்.

கழிவுநீர் மேன்ஹோல் அடிக்கடி பொங்கும் தெருவில் பிளாக் வேண்டாம். பொங்கும் நீர் படுக்கை மணலை அரித்து இழுத்துக்கொண்டு போகும். அந்த அடைப்பைச் சரிசெய்யாமல் எந்த மேற்பரப்பும் நிலைக்காது; பிளாக் எல்லாவற்றுக்கும் முன்னால் போகும்.

வண்டியும் வேகமும்

2013 அக்டோபரில் தொடங்கிய எஸ் வரிசைச் சிற்றுந்துகள் பல உட்புறச் சாலைகள் வழியாகத்தான் ஓடுகின்றன. உங்கள் தெரு அத்தகைய தடத்தில் இருந்தால், பேருந்து திரும்பும் முனைகளிலும் நிறுத்தத்திலும் பிளாக் பதிக்காதீர்கள். அங்கே சக்கரம் முறுக்கும், 80 மி.மீ. பிளாக்கும் சுழன்று தளரும். அந்த இடங்களில் மட்டும் கான்கிரீட், மற்றபடி தார் என்று கலந்து செய்வதே சரி. ஒரே தெருவில் ஒரே பொருள்தான் என்று விதி ஏதும் இல்லை.

தெரு வழுவழுப்பானதும் வேகம் கூடும். வேகத்தடையை அதே ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். பின்னால் யாரோ ஒரு கூடை கலவையைக் கொட்டி எழுப்பும் மேடு முதுகையும் ஆட்டோவையும் உடைக்கிறது, வேகத்தைக் குறைப்பதில்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் வட்டவடிவத் தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 100 மி.மீ. உயரம், மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடக்கலாம். இரு ஓரத்திலும் தண்ணீர் போகச் சிறு இடைவெளி விட வேண்டும், இல்லையென்றால் அதுவே அணையாகிவிடும்.

நடைபாதை? 2014-ல் சென்னை மாநகராட்சி ஏற்ற மோட்டார் அல்லாப் போக்குவரத்துக் கொள்கை, போக்குவரத்து நிதியில் 60 சதவீதத்தை நடப்போருக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்கச் சொல்கிறது. 2019 நவம்பரில் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகம் அந்த எண்ணத்தின் பெரிய வடிவம். உள்தெருவில் அளவு வேறு. நடைபாதையின் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும். 5 மீட்டர் தெருவில் இரு பக்கமும் அதை விட்டால் வண்டிக்கு 1.4 மீட்டர்தான் மிஞ்சும். இங்கே நடைபாதை கேட்பதைவிட, மேடு பள்ளமில்லாத ஒரே தளமும், ஒரு பக்கம் மட்டும் வண்டி நிறுத்தும் ஒழுங்கும், வாசலுக்கு வாசல் தெருவை ஆக்கிரமித்து நிற்கும் சிமென்ட் சாய்தளங்களை அகற்றுவதும் நடப்பவருக்கு அதிகம் உதவும். 9 மீட்டர் தெருவில் கதை வேறு. அங்கே நடைபாதையைக் கேட்டே வாங்க வேண்டும்.

எந்தத் தெருவுக்கு எது

3 மீட்டருக்குக் குறைந்த சந்து, பழைய குழாய், மேன்ஹோல் பொங்குவதில்லை: 80 மி.மீ. பிளாக், கான்கிரீட் விளிம்புடன். அதே சந்தில் குழாய்கள் புதிதாக மாற்றப்பட்டிருந்தால் சிமென்ட். 4 மீட்டருக்கு மேல், தண்ணீர் தேங்காத, வண்டிப் போக்குவரத்து உள்ள தெரு: சுரண்டிவிட்டுத் தார். தாழ்வான பகுதி, ஒவ்வொரு மழைக்கும் முழங்கால் தண்ணீர்: முதலில் வடிகால். வடிகால் வேலை முடிந்து தண்ணீர் இறங்குவது உறுதியான பிறகு சிமென்ட். வடிகாலைத் தள்ளிப்போட்டுச் சாலையை மட்டும் போடச் சொல்லி அழுத்தம் கொடுப்பவர்கள், அடுத்த ஆண்டு அதே சாலையை வடிகாலுக்காக வெட்டப்போவதைக் கணக்கில் எடுக்க வேண்டும். புதுச் சாலையை வெட்டுவதைப்போல் மக்கள் பணத்தை அழிக்கும் செயல் வேறில்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முன்னதாக 50 செ.மீ. சதுரத்தில் இரண்டு மூன்று இடங்களில் குழி தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை அடுக்குத் தார் சேர்ந்திருக்கிறது, அடியில் ஜல்லி இருக்கிறதா, களிமண்ணா என்பது தெரியும். பல தெருக்களில் பழைய தாரே 150 மி.மீ. இருக்கும், அதை முழுவதும் எடுத்தால் நிலைப்படிக்குக் கீழே தெருவை இறக்க நல்ல வாய்ப்பு.

பகுதி சபைத் தீர்மானத்தில் "சாலை அமைத்துத் தர வேண்டும்" என்று மட்டும் எழுதாமல் இவற்றையும் எழுதுங்கள்: சுரண்டும் அல்லது தோண்டும் ஆழம் மி.மீ.யில், முடிந்த மட்டம் இப்போதைய மட்டத்தைத் தாண்டக் கூடாது, மேன்ஹோல் மூடிகள் சாலை மட்டத்துக்குச் சரிசெய்யப்பட வேண்டும், வடிகால் வாய்களின் எண்ணிக்கையும் இடமும், மெட்ரோவாட்டர், மின்வாரியம் இரண்டும் தங்கள் வேலை முடிந்ததாகத் தரும் எழுத்து, ஒப்பந்ததாரரின் குறைதீர்ப்புக் காலம் எந்தத் தேதி வரை. கடைசி வரி மிகவும் முக்கியம். அந்தத் தேதிக்குள் பெயர்ந்த எதையும் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். தேதி தெரியாததால்தான் தெருக்கள் அதைக் கேட்பதில்லை.

வேலையை ஜனவரி முதல் செப்டம்பருக்குள் முடித்துவிட வேண்டும். முடிந்ததும் வரும் முதல் பெருமழை நின்று ஒரு மணி நேரம் கழித்துத் தெருவை நடந்து பாருங்கள். எங்கே தண்ணீர் நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டு, படம் எடுத்து, எதிரே உள்ள வீட்டின் கதவு எண்ணோடு மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்து உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் கொடுங்கள்.